மூலப்பதிவுக்குப் பின் இறந்தவர்

ஆடு இறங்கிய தடத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். காலை ஆறரைக்குள் அரங்கத்தின் படிவரிசை முழுக்க ஏறி இறங்கி, எந்தக் கல் எங்கே உருண்டிருக்கிறது என்று பார்த்து, அதை அதன் பழைய இடத்தில் வைத்தாக வேண்டும். பழைய இடம் என்றால் ஏறக்குறைய அங்கே என்று அர்த்தமில்லை. கையிலிருக்கும் பலகையில் அந்தக் கல்லின் உருவம் பச்சைக் கோடாகத் தெரியும். கல்லின் விளிம்பு அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்தால் பலகை ஒரு மணி அடிக்கும். ஐம்பத்தாறு வயதில், முட்டி வலிக்கக் குனிந்து, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே உடைந்துபோன கல்லுக்கு மணி அடிக்கிறதா என்று காத்திருப்பதுதான் என் உத்தியோகம். அதற்குப் பொருத்துநர் என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள்.

ஆறரைக்கு ஒப்பளவி வரும். ட்ரோன்தான், பெயர்தான் பெரிது. வளாகத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, ஊரை மூலப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் இந்த ஊரைக் கல் கல்லாக ஸ்கேன் செய்து வைத்தார்கள். அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இது என்றைக்கும் இருக்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் அது விலகல். ஒவ்வொரு விலகலுக்கும் இத்தனை புள்ளி என்று இருக்கிறது. ஆயிரம் புள்ளி சேர்ந்துவிட்டால் எங்கள் குடியிருப்பைக் கலைத்துவிடுவார்கள். இருபத்தெட்டு வருடத்தில் நாங்கள் சேர்த்தது நானூற்றுப் பன்னிரண்டு. அதில் பாதிக்கு மேல் ஆடுகள் செய்தது, அதையும் எங்கள் தலையில்தான் எழுதினார்கள்.

நாங்கள் தூத்துக்குடிக் கரைச் சனம். கரை கடலுக்குள் போனபிறகு எங்களை மாதிரி ஆட்களை எங்கே வைப்பது என்று உலகம் முழுக்க உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் எவனோ ஓர் அறிவாளிக்கு யோசனை வந்தது. பாழடைந்த பழைய ஊர்களில் யாரும் குடியில்லையே, பாழைக் கெடுக்காமல் இருந்துகொள்வதென்றால் அங்கே போகட்டும் என்றான். அப்படித்தான் நாங்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர் மத்தியதரைக் கடலோரம், துருக்கியின் தெற்குக் கரையில், லிக்கியா என்ற பழைய நாட்டின் அர்முசா என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம். நாலு ரப்பர் காலில் நிற்கும் கூண்டு வீடுகள். ஆணி அடிக்கக்கூடாது, குழி தோண்டக்கூடாது, ஒரு மிளகாய்ச் செடியைக்கூட மண்ணில் ஊன்றக்கூடாது. தொட்டியில் வைத்துத் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.

எனக்கு ஆத்திரம் வருவது எதற்கென்றால், இந்த ஊரை வந்தவன் போனவன் எல்லாம் மாற்றியிருக்கிறான். லிக்கியர்கள் மலையைக் குடைந்து, மர வீடு மாதிரியே உத்தரமும் விட்டமும் வைத்துக் கல்லில் கல்லறை செய்தார்கள். கிரேக்கர்கள் வந்து அரங்கம் கட்டினார்கள். ரோமர்கள் வந்து அரங்கத்தைப் பெரிதாக்கி, வாசலில் வளைவு வைத்தார்கள். பிறகு வந்த கிறிஸ்தவர்கள் கோயில் தூணைப் பிடுங்கி மாதாகோயில் கட்டினார்கள். அப்புறம் வந்த இடையர்கள் அந்த மாதாகோயிலையே ஆட்டுப்பட்டி ஆக்கினார்கள். நடுவில் பூமி நடுங்கிப் பாதி ஊரைக் கடல் இழுத்துக்கொண்டது. இத்தனைக்கும் சேர்த்து வரலாறு என்று பெயர். நாங்கள் கொடிக்கயிறு கட்ட ஒரு கொக்கி மாட்டினால் மட்டும் அதற்கு விலகல் என்று பெயர்.

இந்த ஊரில் கல்லறைகள் ஊருக்கு வெளியே இல்லை. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு நடுவே ஆளுயரக் கல்பெட்டிகள் நிற்கும். மேலே கூம்பி வளைந்த மூடி. வந்திறங்கிய அன்றைக்கே என் வீட்டுக்காரர் தொம்மை, “நம்ம வள்ளத்தக் கவுத்துப்போட்டு வச்சிருக்கானுவ பாரு” என்று சொல்லிச் சிரித்தார். எல்லாம் காலிப் பெட்டிகள். எந்தக் காலத்திலோ திருடர்கள் பக்கவாட்டில் ஓட்டை போட்டு உள்ளே இருந்ததை எடுத்துப் போய்விட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு கல்லறை, ஒன்றிலும் ஆளில்லை.

தொம்மைக்கு நுரையீரல் போய்விட்டது. சிறுவயதிலிருந்து சங்கு குளித்த ஆள், எழுபது வயதில் மூச்சுப்பெட்டியோடு கட்டிலில் கிடந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டி அது, மூக்கில் ஒரு குழாய். மருத்துவர் வாரக்கணக்கில் பேச ஆரம்பித்துவிட்டார். தொம்மைக்குச் சாவைப் பற்றி ஒரு பயமும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே பயம் சாம்பல் கப்பல்.

எங்களில் யார் செத்தாலும் மாதம் இரண்டு தடவை வரும் அந்தக் கப்பலில்தான் ஏற்ற வேண்டும். நடுக்கடலுக்குக் கொண்டுபோய் எரித்து, அங்கேயே கரைத்துவிடுவார்கள். எந்த இடம் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கே தெரியாது. எங்கள் சனம் எரிக்கிற சனம் இல்லை, புதைக்கிற சனம். ஒரு மண்வெட்டி மண்ணைக்கூடத் தொடக்கூடாத ஊரில் எங்கே புதைப்பது?

ஒரு நாள் காலை கஞ்சி கொடுக்கும்போது தொம்மை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி கித்தேரி, என்னைய அந்தக் கப்பல்ல மட்டும் அனுப்பிராத.”

“பின்ன எங்க வைக்கச் சொல்லுதிய?”

“நம்ம கல்லறையிலதான். சும்மாதான கெடக்கு.”

நம்ம கல்லறை என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும். தூத்துக்குடியில் எங்கள் கல்லறைத் தோட்டம் எல்லாவற்றுக்கும் முன்னாலேயே கடலுக்கடியில் போய்விட்டது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள் வந்தால் தண்ணீருக்கடியில் மெழுகுவர்த்தி கொளுத்த முடியுமா, வெள்ளையடிக்க முடியுமா? முத்துக் குளிக்கவும் சங்கு குளிக்கவும் தெரிந்தவர்கள் முங்கிப் போய், அவரவர் குடும்பத்துக் கல்லறையைக் கையால் தடவிவிட்டு மேலே வருவார்கள். தொம்மை தன் அப்பாவின் கல்லறையை மட்டுமல்ல, முங்கத் தெரியாத பதினெட்டு குடும்பத்துக் கல்லறைகளையும் தடவிவிட்டு வருவார். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. மெழுகுவர்த்திக்குப் பதில் உள்ளங்கை.

இங்கே வந்த வருடம் திருநாளன்று எங்களுக்குத் தடவ ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் அழுதுகொண்டு நின்றோம். அப்போதுதான் குடித்தலைவர் சிலுவை மொறாயிஸ், சும்மா நிற்கும் இந்தக் கல்பெட்டிகளைக் குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொடுத்தார். மெழுகு சிந்தினால் விலகல், பூ வைத்தால் விலகல், தொட்டால் ஒன்றுமில்லை. வரிசையில் நின்று, செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டிச் செபம் சொல்லி, மூடிக்குக் கீழே விளிம்பில் கையை வைத்துத் தடவிவிட்டுப் போவோம். பிறகு திருநாள் என்றில்லாமல் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றாலும் போய்த் தடவுவோம். எங்களுக்கு வந்தது துறைமுகத்துக்கு மேலே இருக்கும் பதினாறாம் எண் கல்லறை. அதில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்கள், எர்தவா என்பவன் தனக்கும் தன் பெண்டாட்டிக்கும் செய்தது என்று சொன்னார்கள்.

சரி என்று நான் விண்ணப்பம் போட்டேன். கரையோர மூலப்பதிவு ஆணையத்தின் படிவம் பலகையில் வந்தது. அந்த ஆணையத்தில் உட்கார்ந்து படிவம் எழுதுகிறவர்களை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. புதைவிடம் சம்பந்தமாக ஒரே ஒரு படிவம்தான் இருந்தது, அது தோண்டியெடுத்த எலும்புகளுக்கானது. இறந்தவர் இறந்த காலம் என்ற கேள்விக்குக் கிறிஸ்துவுக்கு முன், கிறிஸ்துவுக்குப் பின் என்று இரண்டு கட்டம். நான் இரண்டாவதைத் தொட்டேன். மூலப்பதிவு நாளுக்கு முன்னாலா பின்னாலா என்று அடுத்த கேள்வி. பின்னால் என்று தொட்டதும் படிவம் மூடிக்கொண்டது. ‘மூலப்பதிவுக்குப் பின் இறந்தவர்கள் இவ்விடத்தின் பகுதியாகக் கருதப்பட மாட்டார்கள்.’ அவ்வளவுதான். பதினொரு தடவை போட்டேன், பதினொரு தடவையும் மூடிக்கொண்டது.

பன்னிரண்டாவது தடவை விண்ணப்பத்தை வேறு வழியில் போட்டேன். எங்கள் கல்லறையின் உள்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று சந்தேகம், ஆய்வு வேண்டும் என்று எழுதினேன். பொய்தான். யாராவது ஓர் ஆளை மனித உருவில் வரவைத்து, முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அந்தப் பொய் எங்கள் எல்லோரையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நெரிமான் என்ற துருக்கிக்காரம்மா வந்தார். என் வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம், கையில் பெரிய பெட்டி. இரண்டு பேரும் காதில் செவிமொழி மாட்டிக்கொண்டோம். அவர் பேசுவது எனக்குச் செய்தி வாசிக்கிற தமிழில் கேட்கும். நான் திட்டுவதை அது வடிகட்டிவிட்டு மரியாதையாக அவர் காதில் சொல்லும். அதனாலேயே எனக்கு அந்த யந்திரத்தைக் கண்டால் ஆகாது. நான் தொம்மையின் ஆசையைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார், வருத்தமாகத்தான் தலையசைத்தார், ஆனால் விதி இதுதான் என்று விட்டார். வந்த வேலையைப் பார்க்கிறேன் என்று பெட்டியைத் திறந்தார்.

பெட்டியில் இருந்தது நுண்பதிவுக் கருவி. தினசரி வரும் ஒப்பளவி விரற்கடை அளவு வித்தியாசத்தைத்தான் பார்க்கும். இது மயிரிழையில் பாதியைப் பார்க்கும். விரிசலைத் தேடி விளிம்போரமாக அதை நகர்த்திக்கொண்டு போனவர், ஓர் இடத்தில் நின்றுவிட்டார். மறுபடி பின்னால் வந்து நகர்த்தினார். பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்துக் கல்லறைக்குப் போனார், அதற்கடுத்ததற்குப் போனார். மத்தியானம் வரை ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து கேட்டார்.

“அம்மையீர், நீங்கள் இந்தக் கற்களைத் தொடுவதுண்டா?”

தொடாமல் என்ன, தடவித்தான் விடுவோம் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவர் பலகையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நூற்றுப் பன்னிரண்டு கல்லறையிலும், நெஞ்சுயரத்தில், விளிம்பு தேய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத தேய்வு, ஆனால் இருபத்தெட்டு வருடத்தில் அறுநூறு பேருடைய உள்ளங்கை. புள்ளிக் கணக்கு போட்டால் எங்கள் நானூற்றுப் பன்னிரண்டோடு இன்னும் ஆயிரத்து எழுநூறு சேரும் என்றார்.

ஒரு கல்லை நகர்த்தியதில்லை, ஓர் ஆணி அடித்ததில்லை. பிள்ளைகள் சுவரில் கரிக்கோடு போட்டால் அடி பின்னியிருக்கிறோம். அப்பேர்ப்பட்ட நாங்கள், செபம் சொல்லியே ஊரைத் தேய்த்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் மாதாகோயில் வளாகத்தில் எல்லோரும் கூடினார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, அவ்வளவுதான் பாக்கி. ஒரு ஆளைப் புதைக்க ஆசைப்பட்டு அறுநூறு பேரைத் தெருவில் நிறுத்திவிட்டாளே என்றார்கள். இனி எங்கே போவது, இன்னொரு பாழூர் கிடைக்க எத்தனை வருடம் முகாமில் கிடப்பது என்று அழுதார்கள். எனக்கும் பதிலுக்குக் கத்தத் தெரியும். தொட்டது நான் மட்டுமா என்று கேட்டேன். ஆனால் பொய் விண்ணப்பம் போட்டு அந்தக் கருவியை ஊருக்குள் கொண்டுவந்தது நான்தான். சிலுவை அண்ணன் மட்டும், நடந்தது நடந்துபோச்சு, பதில் வரட்டும் என்று எல்லோரையும் அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் தொம்மை சிரிக்கிறார். இருமலும் சிரிப்புமாக, “நம்ம கையி கல்லயே தேச்சிருக்காட்டி” என்றார். எனக்கு வந்த கோபத்தில் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து நெரிமான் பதிலோடு வந்தார். ஆணையத்தின் அறிஞர்கள் அந்த நுண்பதிவைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தேய்வுக்கு அடியில் இன்னொரு தேய்வு இருந்ததாம். அதே விளிம்பு, அதே நெஞ்சுயரம். இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முன் எர்தவாவின் பெண்டாட்டியும் பிள்ளைகளும் வந்து தொட்டுத் தொட்டுத் தேய்த்த இடத்தில்தான் எங்கள் கையும் பட்டிருக்கிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய ஸ்கேனில் இவ்வளவு நுணுக்கம் இல்லாததால், அவர்கள் தேய்த்தது எங்கே முடிகிறது, நாங்கள் தேய்த்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று எந்தக் கருவியாலும் பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாததை விலகல் என்று சொல்ல விதியில் இடமில்லை. அதனால் பழைய மூலப்பதிவை ரத்து செய்துவிட்டுப் புதிய மூலப்பதிவு எடுக்கப் போகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை. எங்கள் உள்ளங்கையும் இனி வரலாறு. நாங்கள் இங்கேயே இருக்கலாம்.

ஊரே கும்மாளம் போட்டது. பன்னிரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காதவர்கள் எல்லாம் மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு மனசு ஒட்டவில்லை. புதிய மூலப்பதிவு என்றால் புதிய தேதி என்று எனக்கு உடனே உறைத்தது. தொம்மைக்கு என்னைவிட முன்னாலேயே உறைத்துவிட்டது.

புதன்கிழமை காலை நெரிமான் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காராமல், தொம்மையின் கட்டிலோரம் நின்றுகொண்டு சொன்னார். மூலப்பதிவுக்கு முன் இறந்தவர்களின் பட்டியல் ஒன்று தயாராகிறது. வியாழன் மாலை ஐந்து மணிக்கு அதை மூடுவார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் இவ்விடத்தின் பகுதி. நாற்பது நாளுக்குள் அவர்களை அந்தந்தக் கல்லறையில் வைக்கலாம், பிறகு யாராலும் எடுக்க முடியாது. தொம்மையின் பெயரைப் பட்டியலில் சேர்க்கத் தன்னால் முடியும் என்றார். இதை எங்களிடம் சொன்னது வெளியே தெரிந்தால் அந்தம்மாவின் வேலை போய்விடும். நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன்.

“உசுரோட இருக்கவரு பேர எப்படிச் சேப்பிய?” என்று கேட்டேன்.

“பதிவேட்டில் இறந்தவர் ஆகிவிடுவார். மூச்சுப்பெட்டி பதிவேட்டோடு இணைக்கப்பட்டது, அந்த நிமிடமே தானாக நின்றுவிடும். அதை என்னால் தடுக்க இயலாது.”

“பெட்டி நின்னா?”

“ஒரு நாள். மிஞ்சினால் இரண்டு நாள்.”

“நிக்காட்டி?”

“மூன்று வாரம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார்.”

அதற்கு ஒப்புதலாக வாழ்க்கைத் துணையின் கைரேகை வேண்டுமாம். பலகையை என் முன்னால் வைத்துவிட்டு, நாளை மாலை வரை நேரம் இருக்கிறது என்று சொல்லி நெரிமான் போனார். கதவு சாத்தியதும் தொம்மை கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார். ஆறு மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்த்ததில்லை.

“வைட்டி கைய.”

“வைக்க மாட்டேன்.”

“மூணு வாரத்துல நான் என்னத்தக் கிழிச்சிரப்போறேன்?”

“எங்கூட இருப்பிய.”

“நாப்பது வருசமா இருந்தது போதாதா? எங்கய்யா கெடக்க எடத்துக்கு நான் முங்கிப் போயாவது ஒரு தடவ தொட்டுட்டு வந்தேன். நீ என்னையத் தேடி எந்தக் கடல்லட்டி முங்குவ?”

“என் கைய வச்சு நானே ஒங்க மூச்ச நிறுத்தணுமா? என்னால முடியாது, தொம்மை. என்ன வேணும்னாலும் கேளுங்க, அதக் கேக்காதிய.”

அவர் பெயரைச் சொல்லி நான் அதுவரை கூப்பிட்டதில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

வியாழக்கிழமை முழுக்க அந்தப் பலகை மேசையில் கிடந்தது. சிலுவை அண்ணன் வந்து எனக்கு நியாயம் சொன்னார். சாகப்போகிற மனுஷனுடைய கடைசி ஆசை, நீ உன் ஆசையைப் பார்க்கிறாய் என்றார். உங்கள் பெண்டாட்டி, எங்கள் மைனி, இப்படிப் படுத்துக் கிடந்தால் நீங்கள் கைரேகை வைப்பீர்களா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். நாலு மணிக்குத் தொம்மை மறுபடி கேட்டார். நாலரைக்குக் கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல் இருந்தேன். ஐந்து மணிக்குப் பலகையில் பட்டியல் மூடப்பட்டது என்று வந்தது. தொம்மை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எங்களையெல்லாம் ஊர் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் புதிய மூலப்பதிவு எடுத்தார்கள். நாற்பது ட்ரோன்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரை. தொம்மையைத் தூக்குக் கட்டிலில் கொண்டுவந்து ஒலிவ மரத்தடியில் கிடத்தியிருந்தோம். முடிந்து ஊருக்குள் போனால் ஒவ்வொரு கல்லறையையும் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. எங்கள் தேய்வு இப்போது மூலப்பதிவில் சேர்ந்துவிட்டதால், அதற்கு மேல் தேய்ந்தால் விலகலாம். இனி வருடம் இரண்டு தடவை நுண்பதிவு எடுப்பார்களாம். தொட்டதால் ஊரைக் கொடுத்தார்கள், கொடுத்த கையோடு தொடாதே என்றார்கள். சிரிக்கிறதா அழுகிறதா என்றே எனக்குத் தெரியவில்லை.

தொம்மை பத்தொன்பது நாள் இருந்தார். நான் ஊட்டினால் சாப்பிட்டார், திருப்பிப் படுக்கவைத்தால் படுத்தார், குளிப்பாட்டினால் சும்மா இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். கல்யாணம் ஆன புதிதில் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுபோய் என்னை நடுக்கடலில் பயமுறுத்தியதைச் சொன்னேன், அவர் அம்மாவுக்கும் எனக்கும் நடந்த சண்டையைச் சொன்னேன், திட்டினேன், கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தப் பத்தொன்பது நாளுக்காகத்தானே அந்தப் பலகையைத் தொடாமல் இருந்தேன், அதைக்கூட இந்த மனுஷன் தர மாட்டேன் என்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டாம் நாள் மத்தியானம் “தண்ணி” என்றார். கொடுத்தேன், குடித்தார். அது கோபம் தீர்ந்து பேசியதா, தாகத்துக்குக் கேட்டதா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மறுநாள் காலை போய்விட்டார்.

இரண்டாம் நாள் கப்பல் வந்தது. என்னைத் துறை வரைக்கும்தான் விட்டார்கள். சவப்பெட்டியை ஏற்றினார்கள், கதவைச் சாத்தினார்கள், கப்பல் துறைக்கு எதிரே இருக்கும் தீவுக்கு அந்தப் பக்கம் திரும்பி மறைந்துபோனது. கையில் ஒரு ரசீது கொடுத்தார்கள். மூலப்பதிவுக்குப் பின் இறந்தவர் என்று அதில் போட்டிருந்தது.

நேற்று கல்லறைத் திருநாள். ஊர்ச் சனமெல்லாம் அவரவர் கல்லறைக் கயிற்றுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பதினாறாம் எண்ணுக்கு நான் போகவில்லை. எர்தவாவும் அவன் பெண்டாட்டியும் யார் எனக்கு? சிலுவை அண்ணன் வந்து, உன்னால்தான் நமக்கு இந்த ஊர் நிலைத்தது, உன் பேரை எழுதிவைக்கப் போகிறோம் என்றார். எங்கே எழுதுவீர்கள், எழுதினால் விலகல் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக அந்த மனுஷனிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

நான் துறைக்குப் போனேன். மேலே செபம் ஆரம்பித்துவிட்டது, எல்லோரும் சேர்ந்து சொல்லும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. செபம் சொல்லத்தான் கல்லறை வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். செபத்தை நான் அடுப்படியில் நின்றுகூடச் சொல்லிவிடுவேன். எனக்கு வேண்டியிருந்தது வேறு. அந்த மனுஷன் கோபத்தோடு போய்விட்டார். நான் செய்தது சரிதான் என்று அவரோடு சண்டைபோட்டு ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் தப்புதான் என்று தோற்றுப் போகவாவது வேண்டும். நாற்பது வருடம் அப்படித்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். அதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும், முகம் இல்லாவிட்டால் ஒரு கல்லாவது வேண்டும். கடல் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே மாதிரி கிடந்தது. அதில் எந்த இடத்தைப் பார்த்து அவரைத் திட்டுவது என்று தெரியாமல், மேலே செபம் முடியும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.